பின் சீட்டுக்கு அடியில் கிடைத்த பக்கிள்

எங்கள் பாப்பாவுக்குப் பேபி சீட் மாட்டுவதற்காகக் காரின் பின் சீட்டைத் தூக்கியதும் முதலில் கிடைத்தது ஒரு ஐம்பது பைசா. அப்புறம் இரண்டு ஹேர்பின், ஏதோ ஒரு ஆயுத பூஜைக்குப் பிறகு உருண்டோடிக் காய்ந்து கல்லாகிப்போன எலுமிச்சம்பழம், சோமேஸ்வரர் கோயில் விபூதிப் பொட்டலம். எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகு, தூசியில் புதைந்து கிடந்தன மூன்று சீட் பெல்ட் பக்கிள்கள்.

"அட, இங்கதான் இருந்தியா" என்றார் மாமா, தொலைந்துபோன ஸ்பானரைப் பார்த்தவர் போல.

கார் மாமாவுடையது, அதாவது என் மாமனாருடையது. அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு வருடம் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலையை ஒருவழியாகத் திறந்தார்களே, அந்த 2009ஆம் வருடம் வாங்கியது. மாமா எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கிய இந்தச் சின்ன காருக்கு, வந்த வாரமே ஜே.சி. ரோட்டில் காப்பிப்பொடி நிறத்தில் ரெக்சின் சீட் கவர் போட்டுவிட்டார். கவர் போட்ட பையன், உட்காருகிறவர்கள் முதுகில் குத்தும் என்று பின் சீட் பக்கிள்களை அடியில் தள்ளி, மேலே இழுத்துக் கட்டிவிட்டான். பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும். அன்றிலிருந்து பின் சீட்டில் பெல்ட் மட்டும் தொங்கும், மாட்ட இடம் இருக்காது. பெங்களூரில் வாடகைக் கார்களில் ஏறுகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை.

2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று செய்தி வந்தபோது எங்கள் வீட்டிலும் இரண்டு நாள் அதே பேச்சு. என் கணவர் போய்ப் பின் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "பக்கிளே இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தோடு மறந்துவிட்டோம்.

மறந்தது எவ்வளவு தூரம் என்றால், 2024இல் பாப்பா பிறந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தது என் மடியில். அடுத்த எட்டு மாதம் தடுப்பூசி, கோயில், உறவுக்காரர் வீடு எல்லாமே மடியில்தான். இதைச் சொல்லாமல் மீதியைச் சொன்னால் நான் ஏதோ முதல் நாளிலிருந்தே விவரமானவள் போலத் தெரியும்.

ஒரு சாயங்காலம் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் ஒரு பைக் குறுக்கே வந்தது. மாமா பிரேக் போட்டார். மோதவில்லை, வேகமும் முப்பதுக்கு மேல் இருக்காது. பாப்பா என் கையிலிருந்து வழுக்கி முன் சீட்டின் முதுகில் நெற்றி இடித்து, என் காலடியில் போய் விழுந்தாள். நெற்றியில் ஒரு சின்ன வீக்கம், அரை மணி நேர அழுகை, அவ்வளவுதான். ஆனால் நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு கையாலும்.

அன்று ராத்திரி மாமா காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்கு எழுதினார். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் வண்டி நின்றுவிட்டால், உள்ளே இருக்கிற பொருளெல்லாம் தன் எடையைப் போல இருபது மடங்கு விசையோடு முன்னால் போகும். பாப்பா எடை 8 கிலோ. "நூத்தி அறுபது கிலோ. இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டை ஆறுக்கு மேல. பிடிப்பியாமா?" என்றார். அத்தையையும் பார்த்துத்தான் கேட்டார். ஏனென்றால் "நாங்கள்லாம் மடியில வச்சுதானே வளத்தோம்" என்ற வாக்கியம் அப்போதுதான் சமையலறையிலிருந்து வந்திருந்தது.

பெரியவர்கள் போடும் பெல்ட்டையே குழந்தையையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். அது இன்னும் மோசமாம். வண்டி நிற்கும்போது என் எடை முழுக்கக் குழந்தை மேல் சாய்ந்து, பெல்ட்டுக்கும் எனக்கும் நடுவில் அவள் நசுங்குவாள். யோசித்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி பிரிவு இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தைகளுக்கான இருக்கையோ இல்லாமல் காரில் வந்தால் 1,000 ரூபாய் அபராதம். என்னை இதுவரை ஒரு போலீஸ்காரரும் அதற்காக நிறுத்தியதில்லை.

அடுத்த இரண்டு வாரம் ராத்திரி பாப்பா தூங்கிய பிறகு பேபி சீட் வீடியோ பார்ப்பதே வேலை. எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: ஐசோஃபிக்ஸ். சீட்டின் மெத்தைக்கும் முதுகுக்கும் நடுவில், கார் உடலோடு பிணைத்த இரண்டு இரும்பு வளையங்கள். பேபி சீட்டின் கொக்கிகளை அதில் 'டக் டக்' என்று மாட்டினால் வேலை முடிந்தது. எங்கள் காரில் அந்த இடத்தில் கையை விட்டால் மிக்ஸர் துகள்தான் வந்தது. அப்போது வாங்கிய நம் ஊர்ச் சின்ன கார்களில் அது இல்லாதது வழக்கம்தான்.

கணவர் உடனே, "காரை மாத்திடலாம்" என்றார். புதுக் கார் வாங்க அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அது எனக்குத் தெரியும். மாமா அப்போதுதான் பதினைந்து வருடம் முடிந்து, தகுதிச் சோதனைக்குக் காட்டி, ஆர்சியை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக்கொண்டு வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டோம்.

ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்காரர் வேறு வழி சொன்னார். "வளையம்தானே மேடம்? வெல்ட் வச்சுக் கொடுத்துடறோம். அரை மணி நேரம்." எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. விலையும் குறைவு. வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"வளையம் நல்லா கெட்டியா இருக்கும்மா. அது எதுமேல நிக்குது? ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகட்டுமேல. இழுத்தா வெல்டு உடையாது, சுத்தி இருக்கிற தகடு கிழிஞ்சிடும். அப்புறம் அந்த சீட்டுக்குக் கீழ என்ன இருக்கு தெரியுமா? பெட்ரோல் டேங்க்."

பெட்ரோல் டேங்கைப் பற்றி நானும் கடைக்காரரும் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. பெரும்பாலான சின்ன கார்களில் அது பின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, பழைய காரில் வெல்ட் வைத்து வளையம் போடாதீர்கள்.

மாமாவுக்கு எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "லோடு எங்க போகுது?" ஷெல்ஃப் மாட்டினாலும் ஊஞ்சல் கட்டினாலும் இதைத்தான் கேட்பார். எங்கள் காரில் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஏற்கெனவே இருந்தது. பின் சீட்டின் இடது, வலது ஓரங்களில் மூன்று முனை பெல்ட். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று குறுக்கே வருமே, அது. அந்த பெல்ட்டின் ஒவ்வொரு முனையும், தொழிற்சாலையிலேயே பலப்படுத்திய இடத்தில் தடித்த போல்ட் போட்டு நிற்கிறது. எழுபது எண்பது கிலோ ஆளைத் தாங்குவதற்காக வைத்தது. பன்னிரண்டு கிலோ குழந்தையும் ஏழெட்டு கிலோ சீட்டும் அதற்குப் பெரிய விஷயமில்லை. ஐசோஃபிக்ஸின் பெரிய லாபம், மாட்டும்போது தப்பு நடக்க வாய்ப்பு குறைவு என்பது. பெல்ட்டில் மாட்டினால் அந்தத் தப்புகளை நாம்தான் பார்த்துப் பார்த்துத் தவிர்க்க வேண்டும். அதற்காகத்தான் அன்று சீட் கவரைக் கழற்றி, பின் சீட்டைத் தூக்கியது.

நடு சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். பக்கவாட்டு மோதலுக்கு நடு சீட்தான் நல்லது என்று படித்திருந்ததால் எனக்கு அதில் ஒரு ஆசை. ஆனால் கடைகளில் கிடைக்கும் சீட்டுகளில் பெரும்பாலானவை மூன்று முனை பெல்ட் கேட்பவை. கையேட்டில் இடுப்பு பெல்ட் போதும் என்று எழுதியிருந்தால் ஒழிய அதில் மாட்டக் கூடாது. வலது ஓரத்தில் வேறு தொல்லை. பக்கிளின் கழுத்து நீளம். பேபி சீட்டை வைத்து இழுத்ததும், பக்கிள் பேபி சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இறுக்கினால் பெல்ட் அந்த விளிம்பை இழுக்குமே தவிர சீட்டை அழுத்தாது. பலமான இழுப்பில் பக்கிள் வளைந்து திறந்துகொள்ளவும் கூடும். இடது ஓரத்தில் பக்கிள் குட்டையாக, மெத்தைக்குள் அடங்கி இருந்தது. நம் ஊரில் இடது பக்கம்தான் நடைபாதை. குழந்தையைத் தூக்கி வைக்கும்போது முதுகுக்குப் பின்னால் பிஎம்டிசி பஸ் உரசாது. ஆக, இடது.

பதினைந்து வருடம் சுருண்டே கிடந்த பெல்ட், இழுத்தால் பாதியில் நின்றது, விட்டால் சோம்பேறித்தனமாகத் திரும்பிப் போனது. மாமா அதை முழுக்க வெளியே இழுத்து, திரும்ப ஓடாமல் ஒரு துணிக் கிளிப் போட்டு நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கரைத்துத் துணியால் துடைத்தார். பிளீச்சிங், பெட்ரோல் எதுவும் கூடாது, நூலை அரித்துவிடும். காய்ந்த பிறகு ஓரம் பிசிறியிருக்கிறதா, எங்காவது தையல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே வந்தார். மெதுவாக இழுத்தால் வர வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். இடது பெல்ட் சில தடவை பிடிக்காமல் விட்டது. அதற்கு மேல் வைத்தியம் பார்க்காமல், சர்வீஸ் சென்டரில் சொல்லிப் புது பெல்ட் செட்டாகவே வரவழைத்து மாற்றினோம். பழைய மாடல் என்பதால் பத்து நாள் காத்திருக்க வேண்டி வந்தது. பழைய காரில் செலவு செய்ய வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

இனி சீட் கதை.

முதல் சீட் இலவசம். டல்லாஸில் இருக்கும் நாத்தனார், தன் பையன் உட்கார்ந்து வளர்ந்த சீட்டை ஊருக்கு வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். பார்க்கச் சிம்மாசனம் மாதிரி இருந்தது. விபத்தில் சிக்காதது என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். யாரென்றே தெரியாதவர்களிடம் பழைய சீட் வாங்கக் கூடாது என்பதற்கு அதுதான் காரணம். ஒரு விபத்தைப் பார்த்த சீட்டில் விரிசல் வெளியே தெரியாது. ஆனாலும் இரண்டு சிக்கல். அடியைத் திருப்பிப் பார்த்தால் பிளாஸ்டிக்கிலேயே காலாவதித் தேதி அச்சாகியிருந்தது, இன்னும் ஐந்தே மாதம். பேபி சீட்டுக்குக் காலாவதி உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வெயிலிலும் குளிரிலும் வருடக்கணக்கில் கிடந்தால் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும் என்பதால் வைக்கிறார்களாம். இரண்டாவது, அமெரிக்கச் சீட்டுகள் அந்த ஊர்க் கார்களை நம்பிச் செய்யப்பட்டவை. அங்கே 2002க்குப் பிறகு வந்த கார்களில் குழந்தை சீட்டுக்கென்றே கொக்கி வளையம் உண்டு. பெல்ட்டும், முழுக்க இழுத்து விட்டால் பூட்டிக்கொண்டு இறுகும் வகை. நம் காரின் பெல்ட் அப்படிப் பூட்டாது, வண்டி சட்டென்று நின்றால் மட்டுமே பிடிக்கும். அந்த மாதிரி பெல்ட்டுக்கென்று எச் வடிவத்தில் ஒரு இரும்பு கிளிப் உண்டு. அது சீட்டின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததை மாமா கண்டுபிடித்தார், எப்படிப் போடுவது என்றும் கண்டுபிடித்தார். ஐந்து மாதத்துக்காக இவ்வளவு பாடு எதற்கு என்று அதை விட்டுவிட்டோம். இப்போது அது வராந்தாவில் இருக்கிறது. அத்தை அதில் உட்கார வைத்துத்தான் பாப்பாவுக்குப் பருப்பு சாதம் ஊட்டுகிறார்.

ஆன்லைனில் மிக மலிவாக ஒன்று விற்கிறார்கள், பஞ்சு மெத்தையில் நாலு பட்டை தைத்து. காரின் சீட்டோடு ஒரு துணிப்பட்டையால் கட்டச் சொல்கிறார்கள். "லோடு எங்க போகுது?" என்று இப்போது நானே கேட்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு பிளாஸ்டிக் கொக்கிக்குப் போகிறது. அதைத் தாண்டிவிட்டேன்.

நல்ல சீட் என்று எப்படித் தெரிந்துகொள்வது? விலையை வைத்து முடியாது. அடியிலோ பின்னாலோ ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒன்று இருக்கும், வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும். ஐரோப்பிய விதியான ஈசிஇ ஆர்44 படி சோதித்தது என்று அர்த்தம். அதற்கு அடுத்து வந்தது ஆர்129, அது எடைக்குப் பதில் உயரத்தை வைத்துப் பிரிக்கிறது. நம் நாட்டுக்கென்று ஏஐஎஸ் 072 என்ற தரம் இருக்கிறது. ஆர்44 ஸ்டிக்கரில் 'யுனிவர்சல்' என்று இருந்தால், மூன்று முனை பெல்ட் உள்ள சாதாரண சீட்டில் மாட்டலாம் என்று பொருள். பழைய கார்க்காரர்கள் தேட வேண்டிய வார்த்தை அது. நான் பார்த்த ஒரு பெட்டியில் 'பாதுகாப்புச் சான்று பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எந்தச் சான்று, என்ன எண் என்று எங்கேயும் இல்லை.

கம்மனஹள்ளியில் ஒரு கடையில் பக்கெட் மாதிரி கைப்பிடி வைத்த கைக்குழந்தை சீட்டை ஏறக்குறைய வாங்கியே விட்டேன். பணம் கொடுக்கும் முன் மாமா, "வண்டியில வச்சுப் பாத்துடலாமே" என்றார். கடைப் பையனுக்கு அலுப்பு. வைத்து, பெல்ட்டை இடுப்புப் பக்கம் குறுக்கே விட்டு, தோள் பக்கத்தைப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்தால், பக்கிளுக்கு நாலு விரல் தூரத்தில் பெல்ட் தீர்ந்துவிட்டது. பின்னோக்கி, அதாவது குழந்தை காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும்படி வைக்கிற சீட்டுக்கு பெல்ட் நிறைய வேண்டும், பழைய கார்களில் பெல்ட் குட்டை. பெல்ட்டை நீட்டிக்க ஒரு துண்டு தருகிறேன் என்றான் பையன். வேண்டாம் என்று கிளம்பிவிட்டோம். அந்தத் துண்டை வைத்தால் பக்கிள் நடுவழிக்கு வந்துவிடும், எந்த சீட்டும் அதோடு சோதிக்கப்பட்டதில்லை.

ஆகவே, கார் இல்லாமல் சீட் வாங்கப் போகாதீர்கள். மூன்றாவது கடையில் கிடைத்த சீட், 18 கிலோ வரைக்குமானது. 13 கிலோ வரை பின்னோக்கி, அதற்கப்புறம் திருப்பி முன்னோக்கி வைக்கலாம். பெல்ட் போகும் பாதையை அதிலேயே வண்ணம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், பின்னோக்கி என்றால் நீலம், முன்னோக்கி என்றால் சிவப்பு. இந்த சீட்டில் நீலப் பாதை குறுக்கு வழியாகப் போவதால் பெல்ட் எட்டியது, ஒரு சாண் மிச்சமும் இருந்தது.

ஏன் பின்னோக்கி என்று அத்தை கேட்டார். குழந்தை முன்னால் பார்த்தால்தானே வேடிக்கை? கைக்குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. கழுத்து எலும்போ இன்னும் முற்றவில்லை. முன்னோக்கி உட்கார்ந்து மோதினால் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் பறக்கும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேரத்தில் சீட்டில் அழுந்தும், ஒரு பக்கமும் தனியாக இழுபடாது. ஆர்129 விதி 15 மாதம் வரை பின்னோக்கித்தான் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. முடிந்தவரை அதற்கு மேலும் வைக்கலாம், சீட்டின் எடை வரம்பு இருக்கும்வரை. "கால் மடங்கி வலிக்காதா?" என்பது அடுத்த கேள்வி. பாப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள், அவள் பாட்டி போலவே.

மாட்டிய விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் நான்கு முறையும் நாங்கள் தப்பாகவே மாட்டினோம்.

ரெக்சின் கவரை அந்த இடத்தில் முழுக்கக் கழற்றிவிட்டோம். வழுவழுப்பு ஒன்று, அதன் அடியில் இருந்த பஞ்சு இன்னொன்று. இன்று இறுக்கினால் பஞ்சு அமுங்கி நாளைக்குத் தளர்ந்துவிடும். கவர் இல்லாமலே பதினைந்து வருட மெத்தை நடுவில் குழிந்திருந்ததால், சீட் பின்பக்கமாக அதிகம் சாய்ந்தது. கையேட்டில் சுருட்டிய துண்டு வைக்கலாம் என்று இருந்தது. ஒரு குளியல் துண்டைச் சுருட்டி வைத்துச் சாய்வைச் சரிசெய்தோம். எல்லா சீட்டுக்கும் இது அனுமதி இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்துவிட்டால் தூங்கும்போது குழந்தையின் தலை முன்னால் தொங்கி மூச்சு அடைக்கும். படுத்துவிட்டால் மோதலில் மேலே வழுக்கும். பக்கவாட்டில் வரைந்த ஒரு கோடு, தரைக்குச் சமமாக நிற்க வேண்டும். காரைச் சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். நாங்கள் முதலில் மாட்டியது எங்கள் தெருவின் இறக்கத்தில்.

பெல்ட்டை நீலப் பாதையில் விட்டு, முறுக்கு இல்லாமல் பார்த்து, பக்கிளில் மாட்டி, அப்புறம் உள்ளே ஏறி ஒரு முழங்காலைப் பேபி சீட்டின் குழிக்குள் ஊன்றி, உடம்பு எடையைப் போட வேண்டும். முதலில் இடுப்புப் பகுதியை இழுத்து இறுக்கி, அந்த மிச்சத்தைத் தோள் பகுதிக்குக் கொண்டுவந்து, அதையும் இழுத்து, பெல்ட்டைக் கவ்வும் கிளிப்பை மூட வேண்டும். இதைப் பழைய சின்ன காரின் கதவு இடுக்கில் குனிந்து செய்து பார்த்தால் தெரியும். மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அதனால் முழங்கால் ஊன்றும் வேலை என்னுடையது ஆனது.

இறுகியதா என்று பார்க்க, பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து முன்னும் பின்னும், இடமும் வலமும் ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. நாங்கள் முதலில் சீட்டின் தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டினோம். அது ஆடத்தான் செய்யும், பின்னோக்கி வைத்த சீட்டில் அது இயல்பு. இது தெரியாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. முன் சீட்டை நகர்த்த வேண்டி வந்ததில் என் கணவரின் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கிறது. அவர் இப்போது மாமாவுக்குப் பதில் தானே ஓட்டுகிறேன் என்கிறார்.

குழந்தையின் தோள் பட்டைகள் பின்னோக்கி இருக்கும்போது தோள் உயரத்திலோ சற்றுக் கீழேயோ வெளியே வர வேண்டும், முன்னோக்கித் திருப்பினால் தோள் உயரத்திலோ சற்று மேலேயோ. இறுக்கிய பிறகு தோள் எலும்பருகே பட்டையை நீளவாக்கில் கிள்ளிப் பார்க்க வேண்டும், மடிப்பு விரலுக்குள் சிக்கினால் இன்னும் இறுக்கணும். இங்கே ஒரு பெங்களூர்ப் பிரச்சினை. டிசம்பர் ஜனவரி வந்தால் அத்தை கம்பளி ஸ்வெட்டர், அதன் மேல் ஒரு ஜாக்கெட், மங்கி கேப் எல்லாம் போட்டுத்தான் குழந்தையைக் கீழே அனுப்புவார். தடித்த துணிக்கு மேல் இறுக்கினால் பட்டை இறுகியதுபோல இருக்கும், மோதும்போது துணி அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். ஒரு நாள் அத்தை எதிரிலேயே ஸ்வெட்டரோடு இறுக்கி, அப்படியே அவளை வெளியே எடுத்து, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுத் திரும்ப உட்கார வைத்தேன். பட்டைக்கும் பாப்பாவுக்கும் நடுவில் என் கை முழுதாகப் போனது. அதிலிருந்து பட்டையை மாட்டிய பிறகு மேலே போர்வை. மங்கி கேப் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் பெரிய பயணம் பதினொன்றாம் மாதம், மொட்டை போட்டுக் காது குத்த, ஓமலூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுக்க வேண்டும் என்பது கணக்கு. விடிகாலையில் கிளம்பாமல் எட்டு மணிக்குக் கிளம்பியதால், சில்க் போர்டும் ஓசூர் ரோடும் சேர்ந்து எங்கள் முதல் இரண்டு மணி நேரத்தை அத்திப்பள்ளிக்குள்ளேயே முடித்துவிட்டன. கிருஷ்ணகிரி தாண்டி அழ ஆரம்பித்தாள். அத்தை கையை நீட்டினார். "அஞ்சு நிமிஷம் தூக்கி வச்சுக்கிறேன்." மாமா ஒன்றும் சொல்லாமல் இண்டிகேட்டர் போட்டு ஒரு ஓட்டல் வாசலில் ஓரங்கட்டினார். பால் கொடுப்பதென்றாலும் அழுகை என்றாலும் வண்டி நிற்கும், ஓடும் வண்டியில் பட்டை அவிழாது. அந்த ஒரு விதியைக் காப்பாற்ற நான் எதுவும் வாதாட வேண்டியிருக்கவில்லை, ஓட்டுபவர் என் பக்கம் இருந்தார். ஓட்டலிலிருந்து திரும்பி வந்தபோது வெயிலில் நின்ற காரில் பட்டையின் இரும்பு நாக்கு சுட்டது. தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள், நிறுத்தும்போது சீட் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள்.

தொப்பூர் இறக்கத்தில் வாந்தி எடுத்தாள். சீட், பட்டை, துண்டு எல்லாம் தயிர் வாடை.

எல்லா இடத்துக்கும் இந்த சீட்டில்தான் போகிறோம் என்று சொல்ல மாட்டேன். டாக்டரிடம் அவசரமாக ஓட வேண்டியிருந்த இரண்டு மூன்று முறை ஆட்டோவில், மடியில் வைத்துத்தான் போனேன். அதை நினைத்தால் இப்போதும் சரியாக இல்லை.

ஊரிலிருந்து வந்த மறுநாள் உறையைக் கழற்றித் துவைத்தோம். பட்டைகளை மெஷினில் போடாமல் ஈரத்துணியால் துடைத்தோம். மாமா சீட்டைத் திரும்ப மாட்டினார். முழங்கால் ஊன்றியது இந்த முறை என் கணவர். முடித்துவிட்டு மாமா கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்று என்னைக் கூப்பிட்டார். விமானத் தொழிற்சாலையில் போல்ட் முடுக்கியவனே சரிபார்த்துக் கையெழுத்துப் போட முடியாதாம், இன்னொரு ஆள் வந்து பார்க்க வேண்டுமாம். அதனால் எங்கள் வீட்டில் அவர் மாட்டினால் நான் பார்ப்பேன், நான் மாட்டினால் அவர் பார்ப்பார். முறுக்கு, சாய்வு, கிளிப், அங்குல ஆட்டம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். இடுப்புப் பகுதியில், பேபி சீட்டுக்கு அடியில் நுழையும் இடத்தில், பெல்ட் ஒரு சுற்று முறுக்கிக்கொண்டிருந்தது.

"மாமா, இங்க பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கணவரைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் எதுவும் சொல்லாமல் பக்கிளின் சிவப்பு பட்டனை அழுத்தி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.